விருந்தினர் வாசலில் ஒரு செம்பூர்க்காரன்

1

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். தீருகிற மாதிரி தெரியவில்லை. அதனால் குழப்பத்தோடேயே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி ஆட்டம். மும்பை அணிக்கும் சென்னை அணிக்கும் கால்பந்து. நான் முப்பத்தோரு வருஷமாக மும்பையில் இருக்கிறவன். வீடு செம்பூரில். வேலை தாராவியில், பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். ஆனால் டிக்கெட் எடுத்தது வெளியூர் அணியின் ரசிகர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதியில். அதற்குத் தனி வாசல், தனி போலீஸ்.

வாசலில் நின்ற ஹவல்தார் என் ஆதார் அட்டையை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“செம்பூர்?”

“ஹா, சாப்.”

“ஃபிர் இதர் க்யூ? யே பாஹர்வாலா கேட் ஹை.”

செம்பூர்க்காரனுக்கு வெளியாட்கள் வாசலில் என்ன வேலை என்று கேட்கிறார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ காக்கிச் சட்டைக்காரர்கள் என்னை நிறுத்தி நீ எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்தில், ரேஷன் அட்டைக்குப் போன இடத்தில், சும்மா தெருவில் நடந்தபோது. நீ இந்த ஊர்தானே, இந்தப் பக்கம் ஏன் வந்தாய் என்று ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் அறுபது பேருக்கு மேல். அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்த ஹவல்தாருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். தாராவி, சுனாபட்டி, சீத்தா கேம்ப், மறுபடியும் தாராவி, செம்பூர், எல்லாமே மும்பை முகவரிகள். உண்மையிலேயே சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் பதினோரு பேர்தான். அவர்களை முதலில் உள்ளே விட்டுவிட்டார்கள். சிக்கல் எல்லாம் உள்ளூர் வெளியூர்க்காரர்களான எங்களுக்குத்தான்.

2

இந்தக் கூட்டத்தைச் சேர்த்தது இசக்கியண்ணன். டெம்போ ஓட்டினார். தாராவியிலேயே பிறந்தவர், ஆனால் அவர் பேசுகிற திருநெல்வேலித் தமிழைக் கேட்டால் நேற்று ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவர் என்றுதான் நினைப்பீர்கள். ஊருக்குப் போனதென்னவோ கோயில் கொடைக்கு மட்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. சென்னையை ரயில் மாறுகிற இடமாகத்தான் அவருக்குத் தெரியும்.

“பின்ன எதுக்கு அண்ணே சென்னைக்குக் கத்துறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நம்ம ஊருக்குன்னு ஒரு டீம் வச்சிருக்கானுவளாலே? இல்லைல்லா. அப்ப இருக்கதுக்குக் கத்த வேண்டியதுதான்” என்றார்.

சென்னை அணி இங்கே வரும் நாளில் அவருடைய டெம்போவில்தான் எல்லோரும் போவோம். கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மிச்சப் பழம் சட்டைப் பையில் இருக்கும், வாசலில் போலீஸ் பிடுங்கிப் போடும். எறிகிற பொருளாம். வருஷா வருஷம் பிடுங்குவார்கள், வருஷா வருஷம் கொண்டுவருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு அவருக்கு. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் போன் அடிப்பார். “எங்கலே நிக்கீங்க? நான் இங்கனதான் நிக்கேன்” என்பார். எங்கே என்று கேட்டால், “இங்கனதாம்லே, கண்ணு தெரியலையா?” போனை வைத்துவிடுவார். அந்த ‘இங்கன’ எது என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் கோல் விழுந்துவிடும்.

போன வருஷம் டெம்போவைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வருஷத் தெவசம் முடிந்த அடுத்த வாரம் இந்த ஆட்டம். தெவசத்தன்று அவர் மனைவி பேச்சியம்மாளிடம் நான் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டேன். அண்ணன் பேரை ஸ்டேடியத்தில் கட்டுகிறோம், போனில் ஆட்டத்தைப் பாருங்கள், தெரியும் என்று. மதினி தலையை ஆட்டினார்கள். பிறகு நான் படி இறங்கும்போது, “நெசமாவே காட்டுவானா, கொழுந்தனாரே?” என்று கேட்டார்கள். கண்டிப்பாகக் காட்டுவான் என்றேன். எனக்கென்ன, டிவிக்காரன் என் மச்சானா? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

3

நான் இந்த ஊருக்கு வந்ததே ஒரு வெளியூர் ஆட்டத்தால்தான். இதை இங்கே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பத்தொன்பது வயது. பக்கத்து ஊரில் எழுவர் போட்டி, செம்மண் மைதானம். லாரியில் போனோம். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள், கையில் சர்பத் டம்ளரோடு. பெனால்டியில் நாங்கள் ஜெயித்தோம். எங்கிருந்தோ கல் வந்தது. யார் எறிந்தது என்று போலீஸ்காரர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் சந்து பொந்துகளில் மறைந்துவிட்டார்கள். வழி தெரியாமல் லாரியைச் சுற்றி நின்றது நாங்கள்தான். அதனால் போலீஸ் அடியும் எங்களுக்குத்தான். இடது கெண்டைக்காலில் வாங்கிய அந்த ஒரு அடி மழைக்காலத்தில் இன்றும் தன்னை ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

பிறகு எல்லோர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டு என்ன ஆயிற்று, கேஸ் போட்டார்களா, கிழித்துப் போட்டார்களா, ஒன்றும் தெரியாது. என் அண்ணன் விசாரிக்கக்கூட இல்லை. பயந்துபோய்ப் பத்தே நாளில் என்னைத் தாராவிக்கு ரயிலேற்றிவிட்டான்.

பல வருஷம் கழித்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், உன் மேல் கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். உண்டு என்று சொல்பவர்களையும் இல்லை என்று சொல்பவர்களையும் பார்த்திருப்பார், இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஆனால் அந்த நோட்டில் என் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

4

என் மகள் சுவாதி மும்பை அணியின் ரசிகை. சிரிக்காதீர்கள்.

இருபத்திரண்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சிறுவயதில் தமிழ் படிக்கட்டும் என்று மாட்டுங்காவில் ஞாயிறு வகுப்பில் சேர்த்தேன். நாலு வாரம் போனாள். ஐந்தாவது வாரம் அதே நேரத்தில் பள்ளியில் கால்பந்துப் பயிற்சி ஆரம்பித்தார்கள், தமிழ் அதோடு நின்றது. பேசுவாள், இந்தியும் மராட்டியும் கலந்து. எழுத்து தெரியாது. ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகையைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். இந்தக் குறையை நான் சொல்லாத ஆள் கிடையாது.

பள்ளி விடுமுறைகளில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பட்டறைக்குக் கூட்டிப்போவேன். கட்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வெட்டிய துண்டுகளை அடுக்கித் தருவாள். ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளில் மேல் எது, அடி எது என்று தைப்பவனுக்குத் தெரிய, ஓரத்தில் கத்தரி நுனியால் அடையாளம் வெட்டுவோம். ஒரு வெட்டு என்றால் அடிப்பக்கம், இரண்டு வெட்டு என்றால் மேல்பக்கம். இது எங்கள் பட்டறை வழக்கம்.

இசக்கியண்ணனுக்கான துணியையும் அந்த மேசையில்தான் வெட்டினேன். ஒட்டுப் போடாமல் இருபது அடி நீளத்தில் ஒரே ஒரு துணிதான் இருந்தது, ஒரு பள்ளிச் சட்டைக்கு வந்து மிஞ்சிய நீலம். செத்தவர் பெயரை ஒட்டுத் துணியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மஞ்சள் துணியில் எழுத்துகளை வெட்டி அதன்மேல் வைத்துத் தைத்தேன். “இசக்கியண்ணன் இங்கனதான் நிக்காவ.” அவ்வளவுதான் வாசகம். பழக்கதோஷம், மேல் ஓரத்தில் இரண்டு வெட்டும் போட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்ததும் சுவாதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்பா, யே தோ ஹமாரா ப்ளூ ஹை! உங்களது டார்க் ப்ளூப்பா. இது எங்க டீம் கலர்!”

“நீலம்னா நீலம்தான், போ” என்றேன். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவன் சொல்கிற பேச்சா அது? ஆனால் ஒட்டுப் போட மனசில்லை, வேறு துணியும் இல்லை.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. இசக்கியண்ணன் டெம்போவில் முன்சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள்.

5

வாசலுக்கு வருவோம். ஆதார் விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்து, டிக்கெட் இருப்பவனை விடத்தானே வேண்டும் என்று ஹவல்தார் முடிவுக்கு வந்தபோது துணி மாட்டிக்கொண்டது. அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. சுவாதிதான் இணையத்தில் விண்ணப்பித்து வாங்கித் தந்திருந்தாள். சீட்டைப் பார்த்த சப் இன்ஸ்பெக்டர் மேடம், துணியை விரிக்கச் சொன்னார்.

“என்ன எழுதியிருக்கிறது?” என்று இந்தியில் கேட்டார். சொன்னேன்.

“நீ சொன்னால் எப்படி நம்புவது? எங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியாக இருந்தால் உங்கள் கூட்டத்தைச் சேராத ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பகுதிக்கு அதுதான் ரூல்.”

கூட்டத்தைச் சேராத தமிழரை அந்த வாசலில் எங்கே போய்த் தேடுவது? சுவாதிக்குப் போன் போட்டேன். ஸ்டேடியத்தின் அந்தப் பக்கம் வரிசையில் நின்றவள் ஓடிவந்தாள், வெளிர்நீல ஜெர்சியோடு. மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யார் இது?”

“என் மகள்.”

“அப்பா இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கமா?”

மேடத்துக்கும் குழப்பம் தொற்றிக்கொண்டது. எதிர் அணி என்பதால் இவள் எங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் மகள் என்பதால் சொல்லுவாள். இரண்டையும் யோசித்துவிட்டுப் படி என்றார். சுவாதி துணியைப் பார்க்கவே இல்லை. மேடத்தைப் பார்த்து மராட்டியில் சொன்னாள்.

“இசக்கி காக்கா இத்தேச் உபே ஆஹேத்.”

இசக்கிப் பெரியப்பா இங்கேதான் நிற்கிறார். வார்த்தை பிசகவில்லை. மேடம் சட்டென்று எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“எங்கே நிற்கிறார்? அவரைக் கூப்பிடு. டிக்கெட் இருக்கிறதா அவரிடம்?”

பின்னால் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சுவாதி சிரிக்கவில்லை. “தே வார்லே, மேடம்” என்றாள். இறந்துவிட்டார் என்றாள். மேடம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் குரல் தணிந்துவிட்டது, ஆனால் விதி தணியவில்லை.

“மகள் படித்ததை நான் எழுதிக்கொள்ள முடியாது. இந்தப் பக்கம் விட முடியாது.” ஒரு நிமிஷம் துணியைத் தடவிப் பார்த்தார். “உள்ளூர்ப் பகுதிக்கு இந்த ரூல் கிடையாது. நிறமும் அவர்களுடையதுதானே? இந்தப் பெண் அங்கே கொண்டுபோகட்டும்.”

பத்து வருஷம் தொண்டை கிழிய இசக்கியண்ணன் திட்டித் தீர்த்த பக்கத்தில் அவர் பெயரைத் தொங்கவிடுவதா? இல்லை, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், மதினியிடம் போலீஸ் விடவில்லை என்று சொல்வதா? எது பெரிய துரோகம் என்று எனக்கு விளங்கவில்லை.

“அப்பா, டென்ஷன் நக்கோ. நான் கொண்டுபோறேன். குடுங்க” என்றாள் சுவாதி. என் கை கொடுத்துவிட்டது.

6

எங்கள் பகுதியில் பத்துப் போலீஸ்காரர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்களையே பார்த்தபடி நின்றார்கள். அதுதான் அவர்கள் வேலை. எனக்கு நேரே நின்ற இளைஞர் ஒவ்வொரு கூச்சலுக்கும் பார்வையாலேயே என்னிடம் விவரம் கேட்டார். சத்தம் போடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்னர். அவுட். போச்சு, அவர்களுக்கு ஒரு கோல்.

அந்த கோலுக்குத்தான் எதிர்ப் பகுதியில் துணி விரிந்தது. மஞ்சள் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தலைகீழாக.

கம்பிக்கு வெளியே துணியைத் தொங்கவிட்டு அவர்கள் பின்னால் நின்று பிடித்திருக்கிறார்கள். எழுத்து இருந்த பக்கம் அவர்கள் கண்ணில் படாது. பார்த்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? எங்கள் அறுபது பேரும் கழுத்தை ஒடித்துச் சாய்த்துப் படித்தார்கள். சுவாதிக்குப் போன் அடித்தேன், அந்தச் சத்தத்தில் எடுக்கவில்லை. எழுந்து நின்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இளைஞர், “பைடோ அங்கிள், சண்டை வேண்டாம்” என்று தோளைத் தொட்டு உட்காரவைத்தார். சண்டை இல்லையப்பா, தலைகீழாக இருக்கிறது என்று இந்தியில் எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

இடைவேளையில் மதினி போன் செய்தார்கள்.

“கொழுந்தனாரே, ஒரு நொடி காட்டுனான். எங்க வீட்டு ஆளு பேரு தலைகீழால்லா தொங்குது! அதுவும் அந்தப் பயலுவ பக்கத்துல! என்ன கூத்து இது?”

நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம். “அவிய இருந்தா உங்கள ஒரு வழி பண்ணியிருப்பாவ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

7

ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். விருந்தினர் பகுதி ரசிகர்கள் பாதுகாப்புக்காக இடத்திலேயே அமர்ந்திருக்க வேண்டும், உள்ளூர் ரசிகர்கள் கலைந்த பிறகே வாசல் திறக்கப்படும்.

யாரிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு? எதிரே கலைந்து போகிற கூட்டத்தில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுக்காரர் இருந்தார். என் மகளும் இருந்தாள். ஒரு கயிற்றுக்குப் பின்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். செம்மண் மைதானத்தில் லாரியைச் சுற்றி நின்றது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் நிஜமாகவே வெளியூர்க்காரன், குழப்பமே கிடையாது. இங்கே அடியும் இல்லை, திட்டும் இல்லை, இளைஞர் தன் பாட்டிலிலிருந்து எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனாலும் கெண்டைக்கால் வலித்தது.

எதிர்ப் பகுதி காலியாகிவிட்டது. வரிசை வரிசையாக வெற்று நாற்காலிகள். கம்பியோரம் நாலைந்து பேர் மட்டும் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி மடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினார்கள். ஒரு பெண் துணியின் ஓரத்தை விரலால் தடவியபடி நடந்தாள். திரும்பித் தடவினாள். பிறகு கையை வீசி மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு துணியை முழுக்கத் திருப்பினார்கள். மறுபடி கம்பியில் தொங்கவிட்டார்கள்.

இசக்கியண்ணன் இங்கனதான் நிக்காவ.

காலி ஸ்டேடியத்தில், நேராக, ஒரு எழுத்து மறையாமல். நாங்கள் அறுபது பேரும் எழுந்து நின்றுவிட்டோம். யாரோ, “எண்ணே, இப்பத் தெரியுதுண்ணே!” என்று கத்தினான். என்ன கலவரமோ என்று பதறிய இளைஞர் அன்றைக்கு முதல் தடவையாகத் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. போனில் படம் பிடித்து மதினிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்பதற்கு இரண்டு நீல டிக் வந்தது.

வாசலுக்கு வெளியே சுவாதி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சாரிப்பா. உல்ட்டா பிடிச்சிட்டோம்.”

“அது கிடக்கட்டும். எப்படிம்மா கண்டுபிடிச்ச? யாராவது படிச்சுச் சொன்னாங்களா?”

“யாரு படிப்பா அங்க? மடிக்கும்போது கையில பட்டுச்சு.” என் கட்டைவிரலைப் பிடித்துத் துணி ஓரத்தில் வைத்து அழுத்தினாள். “ரெண்டு கட். ரெண்டு கட்னா மேல் பக்கம். உங்க கட்டிங் எனக்குத் தெரியாதாப்பா?”

ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் மகளுக்கு என் எழுத்துப் படிக்கத் தெரியாது என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.